ரெக்டாலா, மிக்லாண்டா?

1990களின் நார்வே கால்பந்து அணியில் நடுக்களத்தில் ஆடிய இந்த இருவரில் யார் மேல்? அந்த அணிக்குப் பயிற்சியாளர் எகில் ஓல்சன் வைத்திருந்த 4-5-1 அமைப்பில் (நான்கு தடுப்பு வீரர், ஐந்து நடுக்கள வீரர், ஒரு முன்கள வீரர்) நடுக்களம் என்பது பெரும்பாலும் ஓட்டமும் தடுப்பும்தான். பந்து பின்வரிசையிலிருந்து வலப்பக்கம் நிற்கும் உயரமான யோஸ்டைன் ஃப்ளோவின் தலைக்கு நேராகப் போய்விடும்.

ஷெட்டில் ரெக்டாலுக்கு அது பொருந்தியது. 83 ஆட்டங்களில் 17 கோல். நடுக்கள வீரருக்கு நல்ல கணக்கு. 1994 உலகக் கோப்பையில் மாற்று வீரராக இறங்கி மெக்சிகோவுக்கு எதிரான ஒரே கோலை அடித்தார். அடுத்த உலகக் கோப்பையில், 1998 ஜூன் 23, மார்சேய்: பிரேசிலுக்கு எதிராக ஆட்டம் முடியும் தறுவாயில் பெனால்டி, நார்வேக்கு 2-1 வெற்றி.

எரிக் மிக்லாண்ட் நேர் எதிர். பட்டப்பெயர் ‘மிக்கன்’, அதாவது கொசு. குள்ளமான உருவம், காலோடு ஒட்டிய பந்து, சட்டென்று திரும்பிக் குறும்பாஸ். 78 ஆட்டங்களில் 2 கோல்தான். நீளப் பந்து தலைக்கு மேலே பறக்கும் அணியில் இந்தத் திறமை பாதி வீண். தலைமோதலுக்குப் பிறகு சிதறி விழும் ‘இரண்டாம் பந்தை’ப் பொறுக்கி நிதானப்படுத்தும்போதுதான் அவர் அருமை தெரியும்.

முடிவு வேண்டுமென்றால் ரெக்டால். பார்க்க மட்டும் என்றால் மிக்லாண்ட்.