இன்வின்சிபிள் ரக நீர்மூழ்கி: சரக்கு தரமானது, கடையில்தான் கூட்டம்

சிங்கப்பூரில் பத்து ஆண்டு சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) எடுக்கும் காருக்கே உதிரிப்பாகம் கிடைக்குமா, பணிமனை எங்கே என்று விசாரிக்கிறோம். பல பத்தாண்டு ஓடவேண்டிய நீர்மூழ்கிக்கு, விற்ற நாடு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துத்தான் மதிப்பெண் போடவேண்டும்.

முதலில் சரக்கு. சிங்கப்பூர்க் கடற்படைக்காக ஜெர்மனியின் கீல் நகரில் கட்டப்பட்ட இன்வின்சிபிள் ரகம், அதாவது 218எஸ்ஜி. நீளம் 70 மீட்டர், மூழ்கிய நிலையில் 2,200 டன், எட்டு டார்பிடோ குழாய்கள், சிப்பந்திகள் வெறும் 28 பேர். பின்பக்கச் சுக்கான் பெருக்கல் குறிபோல் இருக்கும். தகடுகள் உடலின் அளவுக்கு வெளியே நீட்டாததால் ஆழம் குறைந்த இடத்தில் தரையில் படுத்தாலும் அடிபடாது. நெரிசலான கடலில் சட்டென்று திரும்பவும் தோது. எரிபொருள் மின்கலம் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் எடுக்கிறது. அதனால் டீசல் இன்ஜினுக்குக் காற்று வாங்க அடிக்கடி மேலே வரவேண்டாம். நம் கடற்படையின் பழைய ஆர்ச்சர் ரக நீர்மூழ்கியைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நேரம் கீழேயே இருக்கலாம். ஆனால் அது மெதுவாக ஊர்வதற்குத்தான். வேகம் பிடித்தால் பேட்டரி மளமளவென்று இறங்கும். ஹைட்ரஜன் தீர்ந்தால் தளத்துக்குத் திரும்பித்தான் நிரப்பவேண்டும்.

பெரிய குறை, காத்திருப்பு. ஒப்பந்தம் 2013ல், முதல் இரண்டும் சாங்கி கடற்படைத் தளத்தில் சேவைக்கு வந்தது 2024 செப்டம்பரில்.

இனி கடைக்காரர். சொந்தப் படைக்குச் செலவழிக்கப் பல காலம் கையை இறுக்கியே வைத்திருந்தது ஜெர்மனி. ரஷ்யா உக்ரேனுக்குள் நுழைந்து மூன்று நாள் கழித்து, 2022 பிப்ரவரி 27ல், அப்போதைய சான்ஸலர் ஓலாஃப் ஷோல்ஸ் காலம் திரும்பிவிட்டது என்று நாடாளுமன்றத்தில் சொல்லி, 100 பில்லியன் யூரோ சிறப்பு நிதி அறிவித்தார். 2025 மார்ச்சில் அரசியலமைப்பையே திருத்தினார்கள்: மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1 விழுக்காட்டைத் தாண்டும் தற்காப்புச் செலவுக்குக் கடன் வரம்பு கிடையாது. கிழக்கு ஐரோப்பாவின் லித்துவேனியாவில் ஏறத்தாழ 5,000 பேர் கொண்ட படையணியை நிரந்தரமாக நிறுத்துகிறார்கள். 2011ல் கட்டாயச் சேவையை நிறுத்திய நாடு, இந்த 2026ல் 18 வயது ஆண்களுக்குக் கட்டாய வினாப்படிவம் அனுப்பத் தொடங்கியிருக்கிறது. (படிவம்தானா என்று கட்டாயத் தேசிய சேவை செய்யும் நம் என்எஸ் பையன்கள் கேட்பார்கள்.)

இதில் நமக்கு என்ன? 2020ல் இந்தோ-பசிபிக் வட்டாரத்துக்கான வழிகாட்டு நெறிகள் எழுதி, 2021ல் பாயர்ன் போர்க்கப்பலை இந்தப் பக்கம் அனுப்பிய அதே நாடு, இப்போது பணத்தையும் ஆளையும் கிழக்கு ஐரோப்பாவுக்கே முதலில் ஒதுக்குகிறது. ஜெர்மனியும் நார்வேயும் சேர்ந்து கேட்கும் 212சிடி நீர்மூழ்கிகளைக் கட்டுவதும் நமக்குக் கட்டிய அதே நிறுவனம்தான். வரிசையில் வீட்டுக்காரரே முன்னால் நிற்கிறார்.

2025ல் நம் தற்காப்பு அமைச்சு, ஏற்கெனவே கேட்ட நான்கோடு இன்னும் இரண்டு வாங்கப்போவதாக அறிவித்தது. அந்த ஒப்பந்தத்தில் விலைக்கு முன்னால் பார்க்கவேண்டியவை இரண்டு: எந்தெந்த உதிரிப்பாகம் சாங்கியிலேயே இருப்பில் இருக்கும், எரிபொருள் மின்கலத்தைக் கீலுக்கு அனுப்பாமல் இங்கேயே கழற்றி மாற்ற முடியுமா. நான்கு கப்பலுக்கு இருப்பு வைப்பது செலவு. ஆறு என்றால் கட்டுப்படியாகும்.