மூன்றுக்கு ஆறு தேசியக் கொடி: விரித்துப் பார்த்து வாங்குங்கள்

இலங்கையின் சுதந்திர தினமான பெப்ரவரி 4 நெருங்கினால் மலையக நகரமான ஹட்டன் கடைத்தெருவில் செருப்புக் கடை வாசலிலும் தேசியக் கொடி தொங்கும். தோட்டப் பாடசாலைக்கு ஏற்றது மூன்றடிக்கு ஆறடி பொலியெஸ்டர் கொடி. பக்கத்திலேயே மூன்றுக்கு ஐந்தும் இருக்கும், விலை குறைவு. வேண்டாம். நம் கொடியின் நீளம் அகலத்தின் இரு மடங்கு. ஓரடி குறைந்தால் சிங்கம் நெருக்குண்டு ஆட்டுக்கடா மாதிரி நிற்கும்.

விரித்ததும் கயிறு கோக்கும் பித்தளை வளையங்களைப் பாருங்கள். அவை பச்சைப் பட்டி ஓரத்தில் இருக்க வேண்டும். கம்பத்தை ஒட்டிப் பச்சை, அடுத்து செம்மஞ்சள், அதற்கப்பால் கருஞ்சிவப்பில் வாளேந்திய சிங்கம், கம்பத்தைப் பார்த்தபடி. மறு ஓரத்தில் வளையம் அடித்த கொடியை ஏற்றினால் சிங்கம் கம்பத்துக்கு முதுகு காட்டும். வாளும் வலது முன்காலில்தான் இருக்க வேண்டும்.

பச்சை முஸ்லிம்களுக்கு, செம்மஞ்சள் தமிழருக்கு. 1948இல் சுதந்திரத்தன்று ஏற்றிய சிங்கக் கொடியில் இரண்டுமே இல்லை, 1951இல் சேர்ந்தவை. கொடிக் குழுவில் இருந்த செனட்டர் நடேசன் அதற்கும் இணங்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியிருந்த நேரம் அது. இங்குள்ளவர்கள் அந்தச் செம்மஞ்சள் பட்டியைச் சற்று வேறு கண்ணோடு பார்த்தால் வியப்பில்லை.

மூலைகளில் உள்ள நான்கு வெள்ளரசு இலைகள் 1972இல் வந்தவை: அன்பு, கருணை, பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தல், சமநிலை. இலை நுனிகள் மூலையை நோக்க வேண்டும். இந்தக் கொடியில் சரியாகவே இருக்கின்றன. வாலின் எட்டு மயிர்க்கற்றைகள் பௌத்தத்தின் எண்வழிப் பாதையான அட்டாங்க மார்க்கம் என்பார்கள். இதில் மை பரவி ஐந்தாறுதான் தேறுகிறது.

அச்சு ஒரு பக்கம்தான். மை மறுபக்கம் நன்றாக ஊறியிருந்தால் எடுக்கலாம். பின்புறச் சிங்கம் வெளிறிக் கிடந்தால் அடுத்த கொடியைக் கேளுங்கள்.

பெரிய குறை தையல். காற்றில் படபடக்கும் ஓரத்தில் ஒரே வரித் தையல், அதுவும் பருத்தி நூல். மலைக்காற்று கீழ்மூலையில் ஆரம்பித்து அதைப் பிரித்துவிடும். நூல் ஈரத்தில் இற்றுப்போவதும் ஒரு காரணம். ஏற்றுமுன் தையற்காரரிடம் கொடுத்து ஓரத்தை மடித்து, பொலியெஸ்டர் நூலால் இன்னும் இரண்டு வரி ஓட்டி, இரு மூலைகளிலும் குறுக்குத் தையல் போடச் சொல்லுங்கள். துணி தாங்கும், இந்தச் செலவையும் விலையோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

மாலையில் இறக்கும்போது பனி பட்டிருந்தால் அப்படியே மடித்து அலுமாரியில் வைக்காதீர்கள். வீட்டுக்குள் கயிறு கட்டி ஒரு இரவு காயவிடுங்கள். ஈரத்தோடு மடித்தால் மஞ்சள் கரையில் கறுப்புப் புள்ளி விழும், எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது.