ஆத்தங்குடிக் கல் என்று நம்பி "மாடல்" கல் வாங்கினேன்

போன வாரம் தேவகோட்டையிலிருந்து எனக்கு நாத்தனார் முறையாகும் ஒருவர் போன் செய்தார். பூர்வீக வீட்டில் இரண்டாங்கட்டுத் (உள்ளே இரண்டாவது முற்றத்துப் பகுதி) தரையைப் பெயர்த்துவிட்டுப் புதிதாக ஆத்தங்குடிக் கல், அதாவது எங்கள் செட்டிநாட்டு ஆத்தங்குடியில் கையால் செய்கிற பூப்போட்ட சிமெண்டுத் தரைக்கல், பதிக்கப் போகிறாராம். "ஒருத்தர் வந்து பேசினார் ஆச்சி. ரொம்ப நியாயமான ஆளு. இப்பல்லாம் ஏமாத்துக்காரங்க பெருத்துட்டாங்க, பார்த்து வாங்குங்கன்னு அவரே சொல்றார்" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே வாசகத்தைச் சித்திரை மாதம் எங்கள் பள்ளத்தூர் வீட்டு முகப்பில் உட்கார்ந்து, நான் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே ஒருவர் என்னிடமும் சொன்னார். அவரால் எனக்குப் போன பணம் எழுபதாயிரத்துக்குப் பக்கம். அதனால்தான் இந்தப் பதிவு. அந்த ஆள் பெயரையோ கடைப் பெயரையோ எழுதப் போவதில்லை. பெயரை மாற்றிக்கொண்டு வேறு ஒருவர் வந்தாலும் நடக்கப்போவது இதேதான், அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். 31 வருடம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். செக்கில் கையெழுத்தின் வால் கொஞ்சம் வளைந்திருந்தால்கூடத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ரூபாய்க் கட்டை இரண்டு தடவை எண்ணாமல் வாங்கியதில்லை. "உன்னை ஏமாத்த இனிமே ஒருத்தன் பிறந்துதான் வரணும்" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். பிறந்து வந்து, வளர்ந்து, மோட்டார் சைக்கிளிலும் ஏறி வந்துவிட்டான்.

ஆவணியில் வீட்டுக்காரருக்கு அறுபதாம் கல்யாணம். வளவில் (வீட்டின் முதல் முற்றத்துப் பகுதி) பழைய கல் இன்றும் முகம் பார்க்கிற மாதிரி இருக்கிறது. இரண்டாங்கட்டில்தான் எப்போதோ யாரோ மொசைக் போட்டு, அது உடைந்து, குழி விழுந்து கிடந்தது. அளந்து பார்த்ததில் 420 சதுர அடி. பத்து அங்குலக் கல் என்றால் 605 வேண்டும், வெட்டுக்கும் உடைசலுக்கும் சேர்த்து 640 என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். காரைக்குடியில் சாமான் வாங்கப் போன இடத்தில் யாரோ சொல்லி இவர் வந்து சேர்ந்தார்.

வந்தவர் முதலில் பேசியது கல்லைப் பற்றியே இல்லை. யார் யாரெல்லாம் எப்படியெல்லாம் ஏமாற்றுகிறார்கள் என்பதைத்தான். "பூ டிசைனைப் பிரிண்ட் அடிச்ச சிராமிக்கைக் காட்டி ஆத்தங்குடின்னு விக்கிறாங்க ஆச்சி. சூளையில சுட்ட கல்லு ஆத்தங்குடியே கிடையாது. நீங்க என்னையும் நம்பாதீங்க, நேர்ல வந்து பாருங்க." சொன்னது அத்தனையும் உண்மை. அதுதான் சங்கதி. உண்மையாகவே எச்சரிக்கிற ஒருவரைச் சந்தேகப்பட நம் புத்தி ஒத்துக்கொள்வதில்லை. ஜாக்கிரதையாக இருக்கவேண்டிய வேலையை அவர் கையில் எடுத்துக்கொண்டார், நானும் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் ஆத்தங்குடிக்கே கூட்டிப்போனார். ஒரு பட்டறை. நாலைந்து பேர் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அந்த வேலையைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். சதுரமான கண்ணாடியைத் துடைத்துக் கீழே வைத்து, அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சிமெண்டில் கரைத்த சாயத்தைச் சிறு கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை மெல்லத் தூக்கினால் சாயம் ஒன்றோடொன்று கலக்காமல் பூவாக நிற்கிறது. மேலே காய்ந்த சிமெண்டு மணலைத் தூவி, அதற்கும் மேலே ஈரக் கலவையை அப்பிக் கரண்டியால் மட்டம் பார்த்து ஓரமாக வைக்கிறார்கள். ஒரு நாள் இறுகவிட்டு, சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, அப்புறம் காயவிட்டால் கண்ணாடி தானாக விட்டுக்கொடுக்கும். கல்லின் முகத்துக்கு அந்தப் பளபளப்பு வருவது கண்ணாடியால். நெருப்பும் இல்லை, மெஷினும் இல்லை.

நான் கேட்காத கேள்வி இல்லை. மணல் எங்கிருந்து, எத்தனை நாள் ஊறும், ஒரு ஆள் ஒரு நாளைக்கு எத்தனை கல் போடுவார் என்று துருவித் துருவிக் கேட்டேன். அச்சு தூக்கிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "ஆச்சி எந்த ஊரு?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் நம்மாள் முந்திக்கொண்டு, "நம்ம பள்ளத்தூரு ஆச்சி, நம்ம வீட்டு வேலைதான்" என்றார். அந்த அம்மா தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். "இவர் உங்க ஆளா, உங்ககிட்டதான் கல் எடுக்கிறாரா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். கல்லைப் பற்றி அத்தனை கேட்டவள், ஆளைப் பற்றி ஒன்றுகூடக் கேட்கவில்லை.

விலை பேசினோம். சதுர அடி 78 என்றார். நான் விடவில்லை. முக்கால் மணி நேரம் பேசி 72-க்குக் கொண்டுவந்தேன். 640 கல்லுக்குச் சுமார் 444 சதுர அடி, ஆக 2,664 ரூபாய் மிச்சம் என்று பஸ்ஸில் வரும்போது மனக்கணக்குப் போட்டுச் சிரித்துக்கொண்டேன். மொத்தம் 32,000, பாதி அட்வான்ஸ். ஒரு சீட்டு எழுதித் தந்தார். தலைப்பில் "கொட்டேஷன்" என்று அச்சடித்திருந்தது, கீழே பேனாவில் "ஆத்தங்குடி மாடல் கல் 10 இஞ்ச், 640." தொகை சரி, எண்ணிக்கை சரி, தேதி சரி என்று மடித்துப் பையில் வைத்தேன். நடுவில் இருந்த "மாடல்" என்கிற சொல் என் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. பேச்சு வழக்கில் டிசைனை அப்படிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வைகாசியில் வரவேண்டிய லோடு ஆனிக் கடைசியில், ராத்திரி ஒன்பது மணிக்கு மினி லாரியில் வந்தது. டார்ச் அடித்துக்கொண்டு 640-ஐயும் எண்ணினேன். மூன்று கல் கூடுதலாகவே இருந்தது. "இருக்கட்டும் ஆச்சி, உடைஞ்சா கைக்கு வேணும்ல" என்றார் பெருந்தன்மையாக. மேல் வரிசைக் கற்களை எடுத்துத் தட்டிப் பார்த்தேன், தடவிப் பார்த்தேன், பட்டறையில் பார்த்த அதே கல். "சரக்கு சரியாக வந்து சேர்ந்தது" என்று அவர் சீட்டில் கையெழுத்துப் போட்டு மீதி 16,000-ஐயும் கொடுத்தேன்.

காலையில் கொத்தனார் கீழ் வரிசையை எடுத்தவுடனே முகம் சுளித்தார். "ஆச்சி, கல்லு இன்னும் பச்சையா இருக்கே." இறுகவில்லை என்று அர்த்தம். முனையை நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. போன் போட்டேன். "வழியில மழை ஆச்சி, நனைஞ்சிருக்கும்" என்றார். அந்த ஆனியில் எங்கள் பக்கம் ஒரு தூறல்கூட இல்லை. இங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். தெரிந்தேதான் நிறுத்தவில்லை. பணம் முழுக்கக் கொடுத்தாகிவிட்டது, கல்யாணத்துக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது, பத்திரிகை அச்சாகிவிட்டது. என் மகள் மனோதத்துவம் படித்தவள். கானமன், ட்வெர்ஸ்கி என்று இரண்டு பேர் 1979-லேயே எழுதிவிட்டார்களாம்: ஒரு ரூபாய் கிடைக்கிற சந்தோஷத்தைவிட ஒரு ரூபாய் போகிற வலி பெரிது, நஷ்டத்தை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் ஆட்கள் இன்னும் பெரிய நஷ்டத்தில் போய் விழுவார்கள் என்று. "நீ அதுக்கு நடமாடும் உதாரணம் ஆத்தா" என்றாள். பதிக்கச் சொன்னதும் நான்தான், கொத்தனார் மேல் தப்பில்லை. அவர் கூலி, மணல், சிமெண்டு எல்லாம் தனிச் செலவு.

பதித்து இருபது நாளில் உப்பு பூத்தது. பூவெல்லாம் வெள்ளையாகச் சாம்பல் படிந்த மாதிரி. மறுபடி போன். "அது எல்லாக் கல்லுக்கும் வர்றதுதான் ஆச்சி. ஆசிட்டைத் தண்ணியில கலந்து ஒரு தடவை கழுவிவிடுங்க, கண்ணாடி மாதிரி ஆயிரும்." கழுவினோம். மாப்பைப் பிழிந்தால் வாளித் தண்ணீர் ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தது. சிவப்பு இதழ்கள் அத்தனையும் கரைந்து வாளிக்குள் வந்துவிட்டன. இந்தக் கல்லும் சாயமும் சிமெண்டு. ஆசிட் சிமெண்டைத் தின்றுவிடும். நல்ல ஆத்தங்குடிக் கல்லுக்கே ஆசிட் ஆகாது, தண்ணீரும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியும் போதும். வளவுத் தரையை என் மாமியார் காலத்திலிருந்து அப்படித்தான் துடைக்கிறோம். அது தெரிந்தும் ஒரு வெளியாள் சொன்னதைக் கேட்டேன். அடுத்த போனில் அவர் குரலே மாறியிருந்தது. "ஆசிட் போட்டது யாரு? நீங்கதானே? அப்புறம் கல்லைக் குறை சொன்னா எப்படி?" அதோடு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

மிச்சம் இருந்த கல் ஒன்றைக் கொத்தனார் கையாலேயே முறித்துக் காட்டினார். சாயம் காகிதத் தடிமன்தான். கீழே வெறும் சாம்பல் நிறப் பொடி, பிடித்த மாவு உருண்டை மாதிரி உதிர்ந்தது. கிணற்றடியில் கிடந்த பழைய கல்லை உடைக்கச் சுத்தியல் வேண்டியிருந்தது. அதில் சாயம் ஒரு ரூபாய்க் காசு தடிமனுக்கு நின்றது.

கல்யாணம் முடிந்ததும் (ஜமக்காளம் விரித்து மூடி மானத்தைக் காப்பாற்றிக்கொண்டோம்) அந்தப் பட்டறைக்குத் தனியாகப் போனேன். அதே அம்மா இருந்தார். அடையாளம் கண்டுகொண்டார். "அவரா? அப்பப்ப ஆளுகளைக் கூட்டியாந்து காட்டுவாரு ஆச்சி. எங்ககிட்ட வாங்குனது என்னமோ மாதிரிக்கு நாலு வரிசைக் கல்லுதான்." மேலே அடுக்கியிருந்தது அந்த நாலு வரிசை. கீழே இருந்தது எந்த ஊர்க் களத்தில், எத்தனை அவசரத்தில் போட்டதோ.

எங்கள் செட்டிநாட்டு வீடுகளே பயந்து பயந்து கட்டினவைதான். பூம்புகார்க் கடல் கொண்ட ஞாபகத்தில்தான் தளத்தை இவ்வளவு உயர்த்தினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அறைக்கு அறை பூட்டு, பெட்டிக்குள் பெட்டி. வீட்டுக்காரரின் ஐயா பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்தவர். ஆளைப் பார்த்து, நிலத்தைப் பார்த்து, பத்திரத்தைப் பார்த்துத்தான் அங்கே கடன் கொடுத்தார்கள். 1930-ல் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கியவர்களால் கட்ட முடியாமல் நிலம் நிலமாகக் கைக்கு வந்தது. 1942-ல் ஜப்பான்காரன் உள்ளே வந்ததும் எத்தனையோ பேர் அத்தனையையும் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அவர்களும் எண்ணிப் பார்க்காதவர்கள் இல்லை. எண்ணிய பக்கம் ஒன்று, அடி விழுந்த பக்கம் வேறு. அதற்கு முன்னால் என் 640 எந்த மூலைக்கு!

சரி, வாங்கப் போகிறவர்களுக்கு. பட்டறையைப் பார்க்க அழைத்துப் போகிறவரோடு போங்கள், ஆனால் மறுநாள் அவர் இல்லாமல் இன்னொரு தடவை போங்கள். முடிந்தால் பட்டறைக்காரரிடமே நேராக வாங்குங்கள், அங்கே கை சுத்தமான ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். லோடு பகலில் வரட்டும். எண்ணுவதற்கு முன்னால் அடி வரிசையிலிருந்து ஒன்றை உருவி உடைத்துப் பாருங்கள், ஒரு கல் போனால் போகட்டும். பில்லில் கடைப் பெயரும் விலாசமும், எந்தப் பட்டறையில் செய்த கல் என்பதும் இருக்க வேண்டும். "மாடல்", "டைப்", "மாதிரி" என்று எது ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது ஆத்தங்குடியில் செய்த கல் என்று ஆகாது, அந்தச் சொல்லை அடித்துவிடச் சொல்லுங்கள். கால்வாசிப் பணத்தையாவது பதித்து ஒரு மாதம் கழியும்வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், ஐந்து லட்சம்வரை கட்டணம் இல்லை. நான் முதலில் ஒரு நோட்டீஸ் அனுப்பினேன். சீட்டில் இருந்த விலாசத்துக்குப் போய் "அப்படி யாரும் இல்லை" என்று திரும்பி வந்தது. வங்கியில் இருந்தபோது கணக்குத் தொடங்க வந்த யாரையும் விலாசத்துக்குச் சான்று இல்லாமல் விட்டதில்லை. இப்போது வண்டி நம்பரை வைத்துக்கொண்டு வக்கீல் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தேவகோட்டைக்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை, சீட்டு மட்டும் கையில் இருக்கிறது என்றார். எடுத்து வாசிக்கச் சொன்னேன். "ஆத்தங்குடி மாடல்" என்றுதான் இருந்தது. அதை அடித்துவிட்டுப் பட்டறைப் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள் என்றேன். நேற்று ராத்திரி அவரிடமிருந்து திரும்பப் போன் வந்தது. கேட்டாராம். "அதுக்கென்ன ஆச்சி, முதல்ல அட்வான்ஸைப் போடுங்க, லோடு வரும்போது எழுதிக்கலாம்" என்றாராம்.