தெரிவு முந்தியா, பிந்தியா?

மலைச்சரிவில் வேகமாகச் சறுக்கி இறங்கும் அல்பைன் பனிச்சறுக்கில் வீரர்களை வளர்க்க இரண்டு வழிகள். 1967 இல் தொடங்கிய ஒஸ்ரியாவின் ஸ்ராம்ஸ் விடுதிப் பள்ளி, திறமையுள்ளவர்களைத் தெரிந்தெடுத்துப் படிப்பையும் பயிற்சியையும் ஒன்றாகவே கொடுக்கிறது. 2006 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற பென்ஜமின் ரைக் அங்கு படித்தவர்.

நோர்வே அவசரப்படுவதில்லை. 11 வயதுக்கு முன், யார் எத்தனையாம் இடம் என்ற பட்டியலே கூடாது. 13 வரை தேசிய சம்பியன்ஷிப் போட்டியும் இல்லை. கழகங்களில் பெற்றோர் பலரும் பயிற்றுநர்கள். 2010, 2018 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்ற ஸ்விண்டால் அந்த நாட்டவர்தான்.

பனியே விழாத யாழ்ப்பாணத்துத் தடகளத்துக்கு எது பொருந்தும்? முழுநேரப் பயிற்றுநர் என்பதில் ஸ்ராம்ஸ் மேல். ஆனால் நான் நோர்வே பக்கம். விடுதிக்குப் பெரும் பணம் வேண்டும். இங்கே ஊருக்கு ஊர் விளையாட்டுக் கழகமும் சனசமூக நிலையமும் ஏற்கெனவே இருக்கின்றன. முதலில் அங்குள்ள அண்ணாமாரையும் அக்காமாரையும் பயிற்றுநர்களாக்குவோம்.