கார்ப்பெட் கறைக்கு எது சரி? வினிகரா, சோடாவா, பெராக்சைடா?

சிந்தியது ஒரு கரண்டி சாம்பார்தான். வெளிர் சாம்பல் நிறக் கார்ப்பெட். அவசரத்தில் சலவைத் தூளைக் கரைத்து ஊற்றித் தேய்த்தேன். மஞ்சளாக இருந்த கறை என் கண் முன்னாலேயே செங்கல் நிறத்துக்கு மாறியது. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு போட்டால் எப்படிச் சிவக்குமோ அதேதான். சலவைத் தூளில் காரம் இருக்கிறது, மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். இது தெரிந்திருந்தும் கை முந்திக்கொண்டது.

அதற்கப்புறம் வீட்டில் என்ன கறை விழுந்தாலும் ஒவ்வொரு பொருளாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே வருகிறேன். பாத்திரம் கழுவும் லிக்விட், வினிகர், ஆப்ப சோடா, மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு, கறையை உடைக்கும் என்சைம் கலந்து பாட்டிலில் வரும் என்சைம் கிளீனர் ஆகிய ஐந்தும்தான் போட்டியில்.

முதலில் காபி. வரக்காபியோ பால் விடாத டீயோ சிந்தினால் வினிகர்தான் ஜெயிக்கிறது. ஒரு பங்கு வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, வெள்ளைத் துணியை நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தால் பழுப்பு நிறம் துணிக்கு ஏறுவது தெரியும். (வண்ணத் துணி வேண்டாம், அதன் சாயம் இறங்கினால் இன்னொரு கறை.) தேய்க்கவும் கூடாது. நார் பிரிந்து பஞ்சு மாதிரி ஆகிவிட்டால், கறை போனாலும் அந்த இடம் தனியாகத் தெரியும்.

பால் காபிக்கு வினிகர் மட்டும் போதாது. பாலின் கொழுப்பும் புரதமும் நாரைப் பிடித்துக்கொள்ளும், இரண்டாம் நாள் புளித்த வாடை வரும். இங்கே முதல் சுற்று லிக்விடுக்கு. ஒரு டம்ளர் தண்ணீருக்குக் கால் டீஸ்பூன் போதும். இந்த அளவை யாரும் நம்புவதில்லை, கை தாராளமாக ஊற்றிவிடுகிறது. கார்ப்பெட்டை வேட்டி மாதிரி அலசிப் பிழிய முடியாது அல்லவா? தங்கிவிட்ட சோப்புப் பிசுக்கு தூசியை இழுத்து, கொஞ்ச நாளில் அதே இடம் முன்பைவிடக் கறுத்துவிடும். லிக்விடைத் தண்ணீரால் ஒற்றி எடுத்த பிறகு, மிச்சமிருக்கும் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வினிகர். வெந்நீர் மட்டும் வேண்டவே வேண்டாம். சூட்டில் புரதம் இறுகிவிடும். ரத்தக் கறைக்கும் முட்டைக்கும் இதே பச்சைத்தண்ணீர் விதிதான்.

சரி, என் சாம்பார் கறைக்கு வருவோம். வினிகரைத் தொட்டு வைத்ததும் சிவப்பு மறுபடி மஞ்சளானது. அவ்வளவுதான், போகவில்லை. குர்குமின் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். ஆகவே பட்டியலில் இல்லாத சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை இறக்கினேன். பஞ்சில் தொட்டு ஒற்றியபோது பஞ்சு பளிச்சென்று மஞ்சளானது. பாட்டிலைச் சாய்த்து ஊற்றக் கூடாது, அடிப்பக்கப் பசை இளகிவிடலாம். பக்கத்தில் விளக்கு எரியக் கூடாது என்பதைச் சொல்லவே தேவையில்லை.

பெராக்சைடு கறையைக் கரைத்து எடுப்பதில்லை, நிறத்தை வெளுக்கிறது. மருந்துக்கடையில் 6 சதவீதக் கரைசல் கிடைத்தால் சம அளவு தண்ணீர் விட்டு 3 சதவீதமாக்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதற்குக் கறை எது, கார்ப்பெட்டின் சாயம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. சோபாவுக்கு அடியில் போகும் மூலையில் ஒரு சொட்டு விட்டுச் சோதிக்காமல் அடர் நிறக் கார்ப்பெட்டில் கை வைக்காதீர்கள். எனக்கு ஸ்பிரிட், பெராக்சைடு இரண்டையும்விட அதிகம் உதவியது வெயில்தான். குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். ஆறடிக்கு நாலடிதான் என்பதால் சுருட்டி மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். மூன்று நாளில் தேடிப் பார்த்தால் மட்டும் தெரியும் அளவுக்கு வந்துவிட்டது.

ஆப்ப சோடாவுக்கு இருக்கும் புகழ் கொஞ்சம் அதிகம் என்பது என் கட்சி. சிந்திய எண்ணெயை உறிஞ்சும், வாடையை எடுக்கும். எண்ணெயைச் சோள மாவும் அதே அளவு உறிஞ்சும். அதன் மேல் வினிகரை ஊற்றிப் பொங்க விடுவது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, கார்பன் டை ஆக்சைடு பறந்துபோய், மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். இரண்டையும் தனித்தனியாகப் பயன்படுத்தினால்தான் பலன்.

குழந்தை அப்போதுதான் மூத்திரம் போன இடம் என்றால் ஒற்றி எடுத்துத் தண்ணீரும் நீர்த்த வினிகரும் போதும். பூனை போன இடத்தில் என்சைம் கிளீனரைத் தவிர எதுவும் எனக்குச் சரிப்பட்டதில்லை. பூனை மூத்திரத்தில் இருக்கும் யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாது, ஈரம் பட்டால் மறுபடி நாறும். என்சைமுக்கு அவசரம் ஆகாது, அந்த இடம் சில மணி நேரம் ஈரமாகவே இருக்க வேண்டும். விலை அதிகம், இந்த ஒரு வேலைக்குக் கொடுக்கலாம். பிளீச்சிங் திரவத்தை மட்டும் எடுக்காதீர்கள். மூத்திரத்தோடு சேர்ந்தாலும் வினிகரோடு சேர்ந்தாலும் நச்சு வாயு கிளம்பும்.

இவ்வளவும் செயற்கை இழைக் கார்ப்பெட்டுக்கு. உங்களுடையது கம்பளியா என்று தெரியாவிட்டால் ஓரத்தில் ஒரு நூலை நறுக்கி, தள்ளி வைத்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகும் வாடையோடு பொடியும், பாலிப்ரோப்பிலீன் என்ற செயற்கை இழை உருகிக் குண்டுமணி மாதிரி உருளும். கம்பளிக்குச் சோடாவும் சலவைத் தூளும் ஆகாது, பிளீச் அதைக் கரைத்தேவிடும். புரதத்தை உடைக்கும் என்சைம்களும் கம்பளியைத் தின்னும், லேபிளைப் படியுங்கள். பாலிப்ரோப்பிலீன் இதற்கெல்லாம் அசையாது, ஆனால் எண்ணெயை விடாது. சுமார் 160 டிகிரியில் உருகியும் விடும். கரண்ட் போன ராத்திரி சொட்டிய மெழுகை எடுக்க, காகிதம் வைத்து இஸ்திரி போடும் வித்தை அதில் வேண்டாம். ஐஸ் கட்டியை வைத்து உறைய விட்டு உடைத்து எடுங்கள்.

போன கறை மறுநாள் திரும்பி வருவதும் உண்டு. அடியில் இறங்கியது, மேல்புறம் காயக் காய நார் வழியாக மேலே ஏறுகிறது. படுக்கப் போகுமுன் ஈரமான இடத்தில் வெள்ளைத் துண்டை நாலாக மடித்து வைத்து, மேலே பாலித்தீன் பை விரித்து, தோசைக் கல்லோ கனமான புத்தகங்களோ ஏற்றி வையுங்கள். காலையில் துண்டை எடுத்துப் பார்த்தால் அந்தப் பழுப்பு வட்டம் துண்டில் இருக்கும்.