பிட்ஆக்ஸ் காமா 601: மைனிங் சிப்புக்குப் போர்டு வரையப் போகிறவர் முதலில் வாங்க வேண்டிய போர்டு

பிட்ஆக்ஸ் காமா 601 ஒற்றைச் சிப்பில் ஓடும் சின்னப் பிட்காயின் மைனர். பிட்காயின் மைனிங் சிப் ஒன்றை வைத்துச் சொந்தமாகப் போர்டு வரைய ஆசைப்படுபவருக்கு இதைவிட நல்ல பாடநூல் கிடையாது. மேசை மேல் வைத்து ஓட்டவும் வாங்கலாம், தவறில்லை. ஆனால் இதன் மதிப்பு இதன் வரைபடத்தில்தான் இருக்கிறது. கீகேட் (போர்டு வரையும் மென்பொருள்) கோப்புகளும் ஃபர்ம்வேரும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கும்படி கிட்ஹப்பில் இருக்கின்றன. சிப்பைத் தயாரிக்கும் பிட்மைன் தன் சிப்புகளுக்கு டேட்டாஷீட் வெளியிடுவதில்லை. எந்தக் காலுக்கு என்ன வோல்டேஜ், எந்தக் கட்டளைக்கு என்ன பதில் என்பதெல்லாம் அதன் மைனர் இயந்திரமான ஆன்ட்மைனரின் ஹாஷ்போர்டுகளில் (சிப்புகள் வரிசையாக இருக்கும் போர்டுகள்) புரோப் வைத்து, ஓடும் சிக்னலைப் பிடித்துப் படித்துப் பலர் சேர்ந்து கண்டுபிடித்தவை. அந்த உழைப்பின் பலன் இந்தச் சின்னப் போர்டில் கைக்குக் கிடைக்கிறது.

பிட்ஆக்ஸ் வரிசையில் மேக்ஸ் பிஎம்1397 சிப்பிலும், அல்ட்ரா பிஎம்1366 சிப்பிலும், சுப்ரா பிஎம்1368 சிப்பிலும் ஓடுகின்றன. காமாவில் இருப்பது பிஎம்1370, ஆன்ட்மைனர் எஸ்21 புரோவில் வரும் அதே சிப். ஒரு சிப்பில் 2040 சிறு கோர்கள். ஒவ்வொரு கோரும் ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஒரு ஹாஷ் (பிளாக்கைத் தேடும் ஒரு கணக்கு முயற்சி) போடுகிறது என்று வைத்து ஃபர்ம்வேர் கணக்கிடுகிறது. ஆகவே இயல்பு அமைப்பான 525 மெகாஹெர்ட்ஸில் கிடைக்க வேண்டியது நொடிக்கு 1.07 டெராஹாஷ், அதாவது 1.07 லட்சம் கோடி ஹாஷ். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சோதனையில் மறுபடி வரும்.

லாபத்தைப் பற்றி ஒரு வரி போதும். 2025-இல் பிட்காயின் வலையின் மொத்த வேகம் ஒரு ஜெட்டாஹாஷை, அதாவது நூறு கோடி டெராஹாஷைத் தொட்டது. அந்த அளவில் ஒரு டெராஹாஷ் போர்டு தனியாக ஒரு பிளாக் கண்டுபிடிக்கச் சராசரியாக 19,000 ஆண்டு ஆகும். பிளாக் ஒன்றுக்கு 3.125 பிட்காயின் என்ற பரிசை நம்பி இதை வாங்க வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். இந்தப் போர்டின் கடினமான வேலை ஹாஷ் போடுவது இல்லை, அதைச் சிப் பார்த்துக்கொள்ளும். 1.15 வோல்ட்டில் 12 முதல் 15 ஆம்பியர் வரை அந்தச் சிப்புக்குத் தடுமாறாமல் ஊட்டுவதுதான் கடினம். பெரிய மைனர்களில் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறார்கள். சிப்புகளைக் குழுக்களாகப் பிரித்து, குழுக்களைத் தொடராகக் கோத்துவிடுவார்கள். பழைய எஸ்9 போர்டில் 63 சிப், மூன்று மூன்றாக 21 குழு. மேலே கொடுக்கும் வோல்டேஜ் 21 பங்காகப் பிரிந்துவிடும், அதனால் பெரிய ஆம்பியர் தேவைப்படாது. ஒற்றைச் சிப்பில் அந்த வசதி இல்லை. 5 வோல்ட்டை வாங்கி 1.15 ஆக இறக்கித்தான் ஆக வேண்டும். காமாவில் அதைச் செய்வது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஎஸ்546டி24ஏ, 40 ஆம்பியர் வரை தாங்கும் ரெகுலேட்டர். 15-க்கு 40 என்பது வீண் ஆடம்பரமாகத் தோன்றலாம், அப்படியில்லை. பாதிச் சுமையில் ஓடும் ரெகுலேட்டர் சூடு குறைவாகக் கிளப்பும், அதற்குத் தனியாகப் பெரிய ஹீட்சிங்க் வைக்க இடமில்லாத போர்டு இது. மேலும் வோல்டேஜ், ஆம்பியர், தன் வெப்பநிலை மூன்றையும் இதுவே அளந்து டிஜிட்டலாகச் சொல்லிவிடுகிறது. அல்ட்ராவில் இதே வேலையை ரெகுலேட்டர், அதைத் திருகும் தனிச் சிப், பவர் அளக்கும் தனிச் சிப் என்று மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த மாற்றம் ஒன்றுக்காகவே காமாவின் வடிவமைப்பை மனம் திறந்து பாராட்ட வேண்டும்.

வரைபடத்தைக் காப்பி அடிக்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ரெகுலேட்டரிலிருந்து சிப் வரையான செம்புப் பரப்பை. ஒரு அவுன்ஸ் செம்பு என்றால் 35 மைக்ரான் தடிமன். நீளமும் அகலமும் சமமான ஒரு சதுரத்துக்கு ஏறக்குறைய அரை மில்லிஓம். 15 ஆம்பியர் அதில் ஓடினால் 7.5 மில்லிவோல்ட் போய்விடும். போகும் வழியில் இரண்டு சதுரம், திரும்பும் கிரவுண்டில் இரண்டு சதுரம் என்றால் 30 மில்லிவோல்ட். 1150-இல் 30 போனால் சிப் அந்த அதிர்வெண்ணில் தவறான விடை தரத் தொடங்கலாம். அதனால்தான் ரெகுலேட்டரின் உணர்வுக் கால்களை (வோல்டேஜை அளந்து பார்க்கும் கால்கள்) சிப்புக்கு அடியில் உள்ள கெப்பாசிட்டர்களின் முனை வரை ஜோடியாக இழுத்துச் செல்ல வேண்டும். பலர் செய்யும் பிழை, அந்த ஜோடியை இண்டக்டருக்குப் பக்கத்திலேயே முடித்துவிடுவது. அப்போது ரெகுலேட்டர் 1.150 என்று அறிக்கை கொடுத்துக்கொண்டே இருக்கும், சிப்போ 1.120-இல் தவிக்கும். வயாக்களில் (போர்டின் அடுக்குகளை இணைக்கும் செம்பு பூசிய துளைகள்) கஞ்சத்தனம் வேண்டாம். 0.3 மில்லிமீட்டர் துளை ஒன்று 1.6 மில்லிமீட்டர் போர்டில் ஒரு மில்லிஓமுக்குச் சற்று மேல். இருபதை அடுக்கினால்தான் அது கணக்கில் வராத அளவுக்குக் குறையும்.

இந்தப் போர்டில் எனக்கு மனக்குறை உள்ள இடம் உள்ளே வரும் வழி. 5.5க்கு 2.1 மில்லிமீட்டர் வட்ட ஜாக் வழியாக 5 வோல்ட். 18 வாட் என்றால் 3.6 ஆம்பியர். அடாப்டரோடு வரும் வயர் 20 கேஜ், 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக, வர 2.4 மீட்டர், மொத்தம் 80 மில்லிஓம். 0.29 வோல்ட் வயரிலேயே காலி. ஜாக்கின் தொடுமுனை இன்னும் கொஞ்சம் தின்னும். போர்டுக்கு வந்து சேருவது 4.7 அல்லது அதற்கும் கீழே. ரெகுலேட்டர் தடுமாறி அணையும், மறுபடி எழும், மறுபடி அணையும். சிப் கெட்டுவிட்டது என்று நினைத்து அதைப் பிடுங்கி மாற்றுபவர்கள் உண்டு. குற்றவாளி பல நேரம் வயர்தான். 18 கேஜ் வயருக்கு மாறினால் இழப்பு 0.18 ஆகக் குறையும். வெளியீட்டைத் திருகிச் சரிசெய்யக்கூடிய மீன்வெல் எல்ஆர்எஸ்-35-5 போன்ற சப்ளை இன்னும் நல்லது. 7 ஆம்பியர் கொடுக்கும், 5.15 வோல்ட்டில் நிறுத்திக்கொள்ளலாம். அதன் மெயின்ஸ் முனைகள் கைபடும்படி இருக்கும், ஆகவே மூடிய பெட்டிக்குள் வைத்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை: ரவுட்டர், சிசிடிவி அடாப்டர்களில் பெரும்பாலானவை 12 வோல்ட், பலவற்றின் முனையும் இதே அளவு. மாற்றிச் செருகினால் ரெகுலேட்டர் பிழைக்கலாம், 5 வோல்ட் பாதையில் தொங்கும் ஃபேனும் 3.3 வோல்ட் பகுதியும் பிழைக்காது. அடாப்டர் முனையில் வண்ண டேப் சுற்றி வையுங்கள். யுஎஸ்பி-சி துளை ஃபர்ம்வேர் ஏற்றவும் சீரியல் பதிவைப் பார்க்கவும் மட்டுமே, அதில் செருகிச் சிப் ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சால்டரிங். சிப்பின் அடியில் இருக்கும் பவர் பட்டைகள் அகலமானவை, ஓரத்தில் உள்ள சிக்னல் கால்கள் பொடிசு. ஸ்டென்சில் 0.1 மில்லிமீட்டர் போதும். நடுப்பட்டைக்குப் பேஸ்ட் அதிகமானால் சிப் அதன் மேல் மிதந்து ஒரு பக்கம் சாயும். சாய்ந்த சிப்பில் இரண்டு கேடு. ஒரு வரிசைக் கால்கள் ஒட்டாது. ஒட்டினாலும் மேலே ஹீட்சிங்கைத் திருகும்போது பாரம் முழுக்க ஒரு மூலையில் இறங்கும். மூடியில்லாமல் சிலிக்கானே வெளியே தெரியும் சிப் இது, மூலை பெயர்ந்தால் அத்தோடு முடிந்தது. பழைய ஹாஷ்போர்டிலிருந்து எடுத்த சிப் என்றால் பழைய ஈயத்தை விக் (ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னல்) வைத்து முழுதாக வழித்தெடுத்து, சமதளமாக ஈயம் பூசிய பிறகே வைக்க வேண்டும். 138 டிகிரியில் உருகும் பிஸ்மத் பேஸ்ட் வேலையைச் சுலபமாக்கும் என்பதற்காக அதை எடுக்காதீர்கள். நாள் முழுதும் சூடாகி ஆறும் இடத்தில் அது நொறுங்கும்.

சோதனை வரிசை இந்த வேலையின் உயிர். சொந்தப் போர்டு என்றால் முதல் பலகையில் மைனிங் சிப்பை வைக்கவே வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் ஒட்டிவிட்டு, ஃபேனைக் கழற்றி, பெஞ்ச் சப்ளையில் 5 வோல்ட், அரை ஆம்பியர் வரம்பு. போர்டை நடத்தும் கட்டுப்பாட்டுச் சிப்பான இஎஸ்பி32-எஸ்3 விழித்து, திரை எரிந்தால் 3.3 வோல்ட் சரி. பிறகு வரம்பை 4 ஆம்பியருக்கு உயர்த்தி, சிப்பின் இடத்தில் 0.1 ஓம், 25 வாட் ரெசிஸ்டர். 1.15 வோல்ட்டில் அது 11.5 ஆம்பியர் இழுக்கும், 13 வாட் சூடு. மலிவான எலக்ட்ரானிக் லோடு பல இந்தக் குறைந்த வோல்டேஜில் முழு ஆம்பியர் இழுக்காது, வயரிலேயே பாதி போய்விடும். சாதாரண ரெசிஸ்டரே நம்பகம், அதையும் தடித்த, குட்டையான செம்பால் இணைக்க வேண்டும். பத்து நிமிடம் ஓடட்டும். கெப்பாசிட்டர் முனையில் ஸ்கோப் வைத்து அலைவைப் பாருங்கள். புரோபின் நீள கிரவுண்ட் கிளிப்பைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங் முனையைப் போடுங்கள், இல்லாவிட்டால் கிளிப் பிடிக்கும் இரைச்சலைத்தான் அளப்பீர்கள்.

இதில் தேறிய பிறகே சிப். சிப்பை ஒட்டியதும் மல்டிமீட்டரில் கோர் வோல்டேஜ் (அந்த 1.15 வோல்ட்) பாதைக்கும் கிரவுண்டுக்கும் இடையே பீப் சத்தம் கேட்டு ஷார்ட் என்று பயந்துவிட வேண்டாம். இவ்வளவு பெரிய சிப்பின் கோர் இயல்பாகவே தாழ்ந்த ஓம் காட்டும். நன்றாக ஓடும் அதே மாதிரிப் போர்டு ஒன்றை அளந்து ஒப்பிடுவதுதான் வழி. இங்கேதான் வாங்கிய காமா மறுபடி கைகொடுக்கிறது.

அடுத்து சிப்பின் துணை வோல்டேஜ்கள் 1.2, 0.8. ரீசெட் கால் 1.2-க்கு எழ வேண்டும். கிளாக் காலில் மல்டிமீட்டர் 0.6 வோல்ட் காட்டினால் மகிழலாம். 25 மெகாஹெர்ட்ஸில் 0-க்கும் 1.2-க்கும் துள்ளும் அலையின் சராசரி அது. 0 அல்லது 1.2 என்று நின்றால் ஆஸிலேட்டர் ஓடவில்லை. எல்லாம் சரி என்றால் சீரியல் வழியில் 55 ஏஏ 52 05 00 00 0ஏ என்ற ஏழு பைட். "யார் அங்கே?" என்று சிப்பைக் கேட்கும் கட்டளை இது, கடைசி பைட் அதன் சரிபார்ப்பு. வேகம் 115200. பதில் ஏஏ 55 13 70 என்று தொடங்கினால் பிஎம்1370 உயிரோடு இருக்கிறது. பதிலே இல்லை, ஆனால் வோல்டேஜ் எல்லாம் சரி என்றால் 3.3-ஐ 1.2 ஆக மாற்றும் லெவல் ஷிஃப்டரைப் பாருங்கள். அது திசை மாறி ஒட்டப்பட்டிருப்பதும், ஒரு கால் ஒட்டாமல் தூக்கி நிற்பதும் அடிக்கடி நடப்பவை.

அதிர்வெண்ணை ஒரே தாவலில் ஏற்றக் கூடாது. ஃபர்ம்வேர் 6.25 மெகாஹெர்ட்ஸ் படிகளாக ஏற்றுகிறது. காரணம் எளிது: சும்மா இருந்த சிப் ஒரே நொடியில் பல ஆம்பியர் கேட்டால் வோல்டேஜ் குழிவிழும், அந்தக் குழியில் சிப் குழம்பி நின்றுவிடும்.

ஓடத் தொடங்கியதும் திரையில் தெரியும் ஹாஷ் வேகம் 0.9, 1.2, 1.0 என்று ஆடும். பதற வேண்டாம். சிப் தன் விடைகளில் 256 என்ற கடின அளவை (டிஃபிகல்டி) தாண்டியதை மட்டுமே வெளியே தருகிறது. 1.07 டெராஹாஷில் அது ஏறக்குறைய நொடிக்கு ஒன்று. ஒரு நிமிடத்தில் 58 விடை என்றால் எண்ணிக்கையின் இயல்பான ஏற்றத்தாழ்வே 13 சதவீதம். ஒரு மணி நேரத்துக்கு 3,500 விடை சேர்ந்தால் பிழை இரண்டு சதவீதத்துக்குக் கீழே வரும். போர்டு நல்லதா கெட்டதா என்று அதற்குப் பிறகே சொல்ல வேண்டும். ஒரு மணி நேரச் சராசரி 1.07-க்குப் பக்கத்தில் நின்றால் தேறியது. 1.0-க்குக் கீழேயே கிடந்தால் கோர் வோல்டேஜைச் சிப்பின் பக்கத்தில் அளந்து, 10 மில்லிவோல்ட் ஏற்றிப் பாருங்கள். உடனே சரியானால் செம்புப் பாதையில் இழப்பு.

சூடு. போர்டின் அமைப்புப் பக்கமான ஏக்ஸ்ஓஎஸ்ஸில் சிப் 75 டிகிரியையோ ரெகுலேட்டர் 105-ஐயோ தாண்டினால் ஃபர்ம்வேர் போர்டை அடக்கிவிடும். 60-இலிருந்து 65-க்குள் வைப்பது நல்லது. நம் ஊர் மே மாத அறையில் 36 டிகிரி என்றால் கையில் மிச்சம் 25, 30 டிகிரிதான், சின்ன ஹீட்சிங்கில் இயல்பு அமைப்பைத் தாண்டாதீர்கள். சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே நல்ல பேஸ்ட் போதும், தடித்த பேட் வேண்டாம். பெரிய கோபுர ஹீட்சிங்க் போட்டவர்கள் மறப்பது ரெகுலேட்டரை. காற்று மேலேயே போய்விடுவதால் சிப் 52-இல் குளிர்ந்திருக்க ரெகுலேட்டர் 90-ஐத் தாண்டும். பின்பக்கம் ஒட்டும் சிறு ஹீட்சிங்க் ஒன்றே பெரிய வித்தியாசம் காட்டும்.

வேகம் கூட்டுவதற்கும் கணக்கு உண்டு. 625 மெகாஹெர்ட்ஸ், 1.2 வோல்ட் என்றால் 1.27 டெராஹாஷ் கிடைக்கும். ஆனால் செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும்: 17 வாட் 22 ஆகும். 19 சதவீத வேகத்துக்கு 30 சதவீத மின்சாரம், அதோடு ஜாக்கில் 4.4 ஆம்பியர். பொதுவான ஜாக்குகள் 5 ஆம்பியருக்கு மேல் தாங்குவதாகச் சொல்வதில்லை. அங்கே நான் நின்றுவிடுவேன். ஏக்ஸ்ஓஎஸ் காட்டும் வாட் ரெகுலேட்டர் அளந்ததை வைத்துக் கணக்கிட்டது, அடாப்டரின் இழப்பு அதில் இல்லை. உண்மை வேண்டுமானால் சுவர் பிளக்கில் மீட்டர் வையுங்கள். இயல்பு அமைப்பில் மாதம் 13 முதல் 15 யூனிட்.

வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். அமைப்புப் பக்கத்துக்குக் கடவுச்சொல் இல்லாததால் அதை வெளி இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.

திறந்த வடிவமைப்பு என்பதால் பலர் இதை அடித்து விற்கிறார்கள், தரம் ஒன்றுபோல் இல்லை. வந்ததும் ஹீட்சிங்கைக் கழற்ற வேண்டியதில்லை. யுஎஸ்பியைக் கணினியில் செருகிச் சீரியல் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு, 5 வோல்ட் அடாப்டரைச் செருகுங்கள். போர்டு எண் 601 என்றும், ஒரு சிப் கண்டறியப்பட்டது என்றும் வர வேண்டும். போர்டு எண் வேறாக எழுதப்பட்டிருந்தால் ஃபர்ம்வேர் இல்லாத ரெகுலேட்டரைத் தேடும், கோருக்கு வோல்டேஜே போகாது, வாங்கியவரோ செத்த போர்டு என்று திருப்பி அனுப்புவார். அமைப்புக் கோப்பில் அந்த எண்ணைத் திருத்தி மறுபடி ஏற்றினால் அதே போர்டு ஓடும்.