புது பெயின்ட் அடித்த பழைய செஸ்னா: வாங்க நினைப்பவர்கள் கவனத்துக்கு

செஸ்னா 152 என்ற இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம் ஒன்றை விற்பனைக்குக் காட்டிக்கொண்டு ஒரு புரோக்கர் மறுபடியும் கிளம்பியிருக்கிறார். வெள்ளை உடம்பு, நீலக்கோடு, "சாவி போட்டா ஒரே ஸ்டார்ட் சார்" என்று ஒரு வீடியோ. புதுச்சேரியில் எங்கள் தலையில் ஒன்றைக் கட்டியவரும் இவர்தான். வழக்கு இருப்பதால் பெயர் போடவில்லை. ஏமாற்றிய விதத்தைச் சொல்ல எந்தத் தடையும் இல்லை.

எனக்கு பிபிஎல் என்ற தனியார் விமானி உரிமம் இருக்கிறது, பணம் இல்லை. என் மச்சானுக்கு நேர்மாறு. இருவரும் சேர்ந்து வாங்கினோம். மூடிப்போன ஒரு பயிற்சிப் பள்ளியின் விமானம், வருடக்கணக்கில் வெட்டவெளியில் நின்றது. அடிபட்ட விஷயத்தை அந்த ஆள் மறைக்கவில்லை. "லேண்டிங்ல முன்சக்கரம் லேசா வளைஞ்சுது, மாத்தியாச்சு" என்று அவராகவே சொன்னார். சின்ன உண்மையை முந்திக்கொண்டு சொன்னால் பெரியதை யாரும் கேட்கமாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

152-இல் முன்சக்கரத்தைத் தாங்கி நிற்பது இன்ஜினுக்கும் விமானி அறைக்கும் நடுவே உள்ள ஃபயர்வால் என்ற மெல்லிய தகடு. முன்சக்கரம் மடங்கினால் அது கசங்கும், ப்ரொப்பெல்லர் தரையில் இடிக்கும். ப்ரொப்பெல்லர் இடித்தால் சேதம் அதன் பிளேடோடு நிற்காது; அடி இன்ஜினின் முதன்மைத் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டுக்குள் போகிறது. அதனால்தான் இன்ஜினைத் தயாரிக்கும் லைகமிங் நிறுவனம் தன் 533-ஆம் எண் சர்வீஸ் புல்லட்டினில், அப்படி இடித்த இன்ஜினைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. கிராங்க்ஷாஃப்ட்டின் பின்முனையில் ஒரு கியர், அதைப் பிடித்திருப்பது ஒரு போல்ட். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், தீப்பொறி தரும் மேக்னட்டோ, ஆயில் பம்ப் மூன்றும் அந்தக் கியரை நம்பித்தான் ஓடுகின்றன. அது விட்டுப்போனால் இன்ஜின் அந்த நொடியே நிற்கும்.

எங்களுக்கு வந்த இன்ஜின் லாக்புக்கில் (பராமரிப்புப் பதிவேட்டில்) விபத்து பற்றி ஒரு வரி கிடையாது. ப்ரொப்பெல்லர் லாக்புக்கைத் திறந்தால் முதல் பக்கமே சமீபத்திய தேதி, "புதிதாகப் பொருத்தப்பட்டது". எதற்காகப் பழையதைக் கழற்றினார்கள்? அதே வாரத்தில் இன்ஜின் லாக்புக்கில் வெறும் ஆயில் மாற்றம். பணம் கைமாறும்வரை பக்கங்களைப் பொறுக்கி எடுத்த புகைப்படங்கள்தான் அனுப்பினார்கள். விமானம், இன்ஜின், ப்ரொப்பெல்லர் மூன்றின் ஒரிஜினல் லாக்புக்குகளும் கடைசித் தவணைக்குப் பிறகுதான் வந்தன. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு.

அடுத்தது மணிக்கணக்கு. "2400 மணி நேர இன்ஜின் சார், ஓவர்ஹாலுக்கு அப்புறம் 600தான் ஓடியிருக்கு." எண் சரிதான். இதிலுள்ள O-235-L2C இன்ஜினை 2400 மணி நேரத்தில் ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்றுதான் லைகமிங் சொல்கிறது. மணி ஆகாவிட்டாலும் 12 வருடத்தில் என்றும் கூடவே சொல்கிறது. அந்தப் பாதியை இவர் விழுங்கிவிடுவார். பறக்காமல் நின்ற இன்ஜின் ஓடித் தேய்ந்த இன்ஜினைவிட மோசமாக இருக்கலாம். இந்த இன்ஜினில் கேம்ஷாஃப்ட் மேலே இருக்கிறது. நின்றால் ஆயில் வழிந்து கீழே போய்விடும், மேலே ஈரக்காற்று துருவை ஆரம்பித்துவைக்கும். வாரம் ஒருமுறை தரையிலேயே ஸ்டார்ட் செய்துவைத்தோம் என்று பெருமை பேசினார்கள். அது இன்னும் கெடுதல். ஆயில் 165 டிகிரி ஃபாரன்ஹீட்டாவது சூடாகி, ஒரு மணி நேரமாவது பறந்தால்தான் உள்ளே சேர்ந்த ஈரம் போகும். தரையில் ஓட்டுவது அதற்கு ஈடாகாது என்று லைகமிங்கே எழுதிவைத்திருக்கிறது.

இறக்கைகளைக் கழற்றி லாரியில் ஏற்றி, புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டில் இறக்கினோம். பார்க்க வந்த ஏஎம்இ (விமானப் பராமரிப்புப் பொறியாளர்) அண்ணன் பேசவே இல்லை. ஃபயர்வாலை நகத்தால் சுரண்டினார். பெயின்ட்டுக்கு அடியில் பட்டி! அம்பாசிடர் கதவுக்கு டிங்கரிங் பார்ப்பதுபோல் சுருக்கங்களை நிரப்பித் தேய்த்திருந்தார்கள். இறக்கை சேரும் இடத்தில் ஸ்பார் என்ற முதுகெலும்புச் சட்டத்தின் ஓரமாக வெள்ளைப் பொடி; அலுமினியம் அரித்துக்கொண்டிருந்தது. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு உப்புக்காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வீட்டு கிரில்லில் துரு செந்நிறமாய்த் தெரியும், இது பெயின்ட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். பழைய 100 வரிசை விமானங்களுக்கு செஸ்னாவே தனி ஆய்வுப் பட்டியல் போட்டிருக்கிறது. அதில் ஒன்றைக்கூட இந்த விமானத்துக்குச் செய்திருக்கவில்லை.

ஒர்க்‌ஷாப் கதைதான் உச்சம். இன்ஜினை ஓவர்ஹாலுக்குக் கொடுத்தது புரோக்கரே கைகாட்டிய இடத்தில். விமானத் துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏவின் கார்-145 பராமரிப்பு அனுமதி இருக்கிறது என்று ஃப்ரேம் போட்ட சான்றிதழைக் காட்டினார்கள். சான்றிதழ் நிஜம்தான். எந்தெந்த வேலைக்கு என்ற இணைப்புப் பக்கம் மட்டும் ஃப்ரேமுக்குள் இல்லை. பின்னால் வாங்கிப் பார்த்தால் அன்றாடப் பராமரிப்புக்கு மட்டுமே அனுமதி, இன்ஜின் ஓவர்ஹாலுக்குக் கிடையாது. நான்கு சிலிண்டரை மாற்றி, கிராங்க்கேஸுக்குச் சாம்பல் பெயின்ட் அடித்து, "ஃபுல் ஓவர்ஹால்" என்று 7 லட்சத்துக்குப் பில் கொடுத்தார்கள். செய்த வேலைக்கு அத்தாட்சியான சிஏ ஃபார்ம் 1 எங்கே என்று ஏஎம்இ கேட்டார். ரப்பர் ஸ்டாம்ப் குத்திய லெட்டர்ஹெட் வந்தது. அந்தத் தாளை வைத்து எந்த ஏஎம்இயும் கையெழுத்துப் போடமாட்டார்; இவரும் போடவில்லை. ஒரு சிலிண்டரை இறக்கி டார்ச் அடித்துக் காட்டினார். கேம்ஷாஃப்ட்டின் மேடுகள் அம்மைத் தழும்பாக இருந்தன. கேஸைப் பிரிக்கவே இல்லை. அந்த கியரையும் போல்ட்டையும் யாரும் பார்க்கவில்லை.

இதை ஸ்டார்ட் செய்து நான் லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து கடல்மேல் போயிருக்க வேண்டியது. மச்சான் பணத்துக்காகக் கோபப்படுகிறார், எனக்கு ஆத்திரம் இதில்தான்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம் என்பதால் புதுச்சேரியிலேயே கொடுத்திருக்கிறோம். "வியாபாரத்துக்கு வாங்கினார்கள், நுகர்வோரே இல்லை" என்பது எதிர்த்தரப்பு வாதம். பழைய விமானம் வாங்குபவர்கள் சொந்த உபயோகத்துக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது காட்டப்படும் நீலக்கோட்டு விமானத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கத் தயாராக இருக்கிறேன் என்று போன வாரம் கடலூரிலிருந்து ஒருவர் பேசினார். விமானம், இன்ஜின், ப்ரொப்பெல்லர் மூன்று லாக்புக்கின் ஒரிஜினலையும் ஒரே மேசையில் வைத்து, நீங்களே கூட்டிப்போகும் ஏஎம்இ முன்னால் பார்க்க வேண்டும் என்று கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு புரோக்கர் அவர் போனை எடுப்பதில்லை.